எட்டாவது மாடியில் கதவு கிடையாது

ஒரு விடுகதை போடட்டுமா சார்? சுங்கச்சாவடி வரிசையைப் பாருங்கள். பஸ் இப்போதைக்கு நகராது.

மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ஆகாயம். கூரை உண்டு, குடித்தனம் கிடையாது. யாரும் விலைக்கு வாங்க முடியாது, யாரும் பூட்டி வைக்கக் கூடாது. உயரமான கட்டடம் என்றால் அது இருந்தே ஆகவேண்டும். அது என்ன?

மொட்டை மாடியா? மொட்டை மாடிக்குக் கூரை ஏது? பால்கனி இல்லை. பால்கனியை வீட்டோடு சேர்த்து விற்றுவிடுவார்கள். கார் நிறுத்துமிடமும் இல்லை. அதையும் விற்றுவிடுவார்கள்.

சரி, நானே சொல்கிறேன். புகலிடம். எங்கள் வேலையில் ரெஃப்யூஜ் ஏரியா என்போம். தீப்பிடித்தால் மேலே இருக்கிற எல்லோராலும் தரைவரை இறங்க முடியாது. முட்டிவலிக்காரர்கள் இருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள். பாதி வழியில் ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும். ஒரு பக்கம் திறந்தே இருப்பதால் புகை அங்கே தங்காது. தீயணைப்பு வண்டியின் ஏணி வந்து சேரும். எங்கள் கட்டடத்தில் அது எட்டாவது மாடி.

நீங்கள் கையில் வைத்திருக்கிற அந்தப் பளபளப்புப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். ஃபிளாட் வாங்கப் போகிறீர்கள், இல்லையா? நீச்சல் குளம், பூந்தோட்டம், வெள்ளைக்காரப் பையன் பட்டம் விடுகிற படம் எல்லாம் போட்டிருப்பார்கள். புகலிடம் எந்த மாடியில் என்று போட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள். விற்கிற பையனுக்குத் தெரியாது. தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நான் கட்டடம் கட்டுகிற ஆள் சார். பெயர் ஜெயவேல். நாங்கள் குடியிருந்த கட்டடத்தைக்கூட நான்தான் முன்னின்று கட்டினேன். நாவலூரிலிருந்து உள்ளே போகவேண்டும். குடியிருந்த என்றா சொன்னேன்? குடியிருக்கிற. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், பதினான்காவது மாடியில். என் மனைவி சுபாஷிணியும் பெண் தாரிகாவும் திண்டிவனத்தில், அவள் அண்ணன் வீட்டில். சனிக்கிழமை தோறும் இந்த பஸ்தான்.

இப்போதெல்லாம் செங்கல் அடுக்கிக் கட்டுவது குறைந்துவிட்டது, தெரியுமோ? அலுமினியப் பலகைகளைக் கோத்து வீட்டுக்கே ஒரு அச்சு செய்கிறோம். சுவர், கூரை, ஜன்னல் ஓட்டை எல்லாம் சேர்ந்து ஒரே அச்சு. பெரிய இட்லித் தட்டு மாதிரி என்று தாரிகாவுக்குச் சொல்வேன். உள்ளே கம்பி கட்டி காங்கிரீட்டை ஊற்றினால் சுவரும் கூரையும் ஒரே உடம்பாக எழுந்துவிடும். காய்ந்ததும் பலகையைக் கழற்றி அடுத்த மாடிக்குக் கொண்டுபோகலாம். அதற்குக் கிரேன்கூட வேண்டாம். தளத்திலேயே சின்னதாக ஒரு சந்து விட்டிருப்போம். அதன் வழியாகக் கீழே இருக்கிறவன் நீட்டுவான், மேலே இருக்கிறவன் வாங்கிக்கொள்வான். ஒன்று மட்டும் கவனம். ஊற்ற ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதி காய்ந்து பாதி ஈரமாக நின்றுபோனால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். பின்னால் அந்தக் கோட்டில்தான் தண்ணீர் கசியும்.

தாரிகாவுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒன்பது வயதுப் பெண். தினம் ஒரு விடுகதை கேட்பாள். 'தன் உடம்பில் ஒரு துண்டைத் தானே தூக்கிச் செருகிக்கொண்டு வளர்கிறவன் யார்?' என்பேன். 'டவர் கிரேன்!' என்று கத்துவாள். 'எப்போதும் தானே சாத்திக்கொள்ளும், யாரும் சாத்த வேண்டாம்?' 'மாடிப்படிக் கதவு!' அது தீக்கதவு சார். திறந்துவிட்டால் தானே மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் நெருப்பைத் தாங்க வேண்டும். அது மூடியிருந்தால் மாடிப்படிக்குள் புகை வராது. வேறு வீடுகளில் விருந்தாளி வந்தால் குழந்தையைப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் தாரிகா தீ விதி சொல்வாள். லிஃப்டில் ஏறக் கூடாது. மூக்கில் ஈரத் துணி. குனிந்து போக வேண்டும். படி வழியாக எட்டாவது மாடி. அங்கே உட்கார வேண்டும், ஆள் வரும்.

"போதும்டி, மாமா காபி ஆறுது" என்பாள் சுபாஷிணி.

பணி முடிந்த சான்றிதழ் வாங்கிய நாளில் எங்கள் கட்டடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தீயணைப்பு வண்டி சுற்றிவர நாலு பக்கமும் வழி. ஒயர் போகிற குழாய்ச் சந்தில் மாடிக்கு மாடி அடைப்பு. எல்லாம் விதிப்படி. அதிகாரி எட்டாவது மாடியில் நின்று காற்று வாங்கிக்கொண்டே, "இங்கேயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துடலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காற்றுதான் வினை. குடிவந்தவர்கள் அங்கே முதலில் ஒரு யோகா வகுப்பு ஆரம்பித்தார்கள். அப்புறம் இந்தி டியூஷன். அப்புறம் நவராத்திரிக்கு எல்லோருக்குமாக ஒரு பொதுக் கொலு. கொலு அன்றைக்கு மழைச்சாரல் அடித்து ஒரு செட்டியார் பொம்மைக்குச் சாயம் போய்விட்டது. உடனே கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் பத்மநாபன் சார், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஜெயவேல் சார், நீங்கதான் சொல்லணும். திறந்த பக்கத்துல கண்ணாடி போட்டா கட்டடம் தாங்குமா?"

"கண்ணாடிதானே சார், தாராளமாத் தாங்கும்."

"அப்ப போட்டுடலாம்கிறீங்க?"

"தாங்குமான்னு கேட்டீங்க. தாங்கும்னேன்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன் சார். நானே கணக்குப் போட்டும் கொடுத்தேன். எந்தக் கண்ணாடி, எத்தனை கனம், எந்த அலுமினியச் சட்டம் என்று எழுதியும் கொடுத்தேன். மட்டமான கண்ணாடி போட்டு காற்றில் பெயர்ந்து கீழே நடக்கிறவர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? கண்ணாடி வந்ததும் ஏசி வந்தது. ஏசி வந்ததும் குளிர் வெளியே போகக் கூடாது என்று இந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு வந்தது. கதவு வந்ததும் பூட்டு வந்தது. சாவி பத்மநாபன் சார் வீட்டில். எல்லோரும் ஹால் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அது ஹால் இல்லை என்று நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். "சரி சார், புகலிடம்" என்று சிரிப்பார்கள். "புகலிடத்துல ஞாயித்துக்கிழமை பேரனுக்குக் காது குத்து, வந்துடுங்க" என்பார்கள்.

தாரிகாவின் ஒன்பதாவது பிறந்தநாளும் அங்கேதான் நடந்தது. எனக்கு அன்றைக்குச் சிறுசேரி சைட்டில் காங்கிரீட் போடுகிற நாள். நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொன்னேனே. நான் வந்தபோது பலூன்களைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கதவை யாரோ நாற்காலி வைத்துத் திறந்து நிறுத்தியிருந்தார்கள். இதைச் சொல்வது எதற்கென்றால், நான் அந்த இடத்தைப் பார்த்தபோதெல்லாம் அது திறந்துதான் இருந்தது.

நெருப்பு பெரிய நெருப்பு இல்லை. பத்திரிகையில்கூட வரவில்லை. ஐந்தாவது மாடியில் ஒயர் போகிற சந்துக்குள் பிடித்தது. மாடிக்கு மாடி அடைப்பு வைத்திருந்தேன் என்றேன் இல்லையா? அந்த அடைப்பு இருந்திருந்தால் புகை அந்த மாடியோடு நின்றிருக்கும். இன்டர்நெட் கேபிள் இழுக்கிறவர்கள் ஒவ்வொரு மாடியிலும் அடைப்பைக் குத்தி ஓட்டை போட்டு, ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சந்து புகைபோக்கி மாதிரி ஆகிவிட்டது. ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு முன்னால் இருக்கிற நடைக்குள் புகை புகுந்தது. மாடிப்படிக்குள் மட்டும் வரவில்லை. தீக்கதவு வேலை செய்தது. அது நான் போட்ட கதவு.

சாயங்காலம். சுபாஷிணி அடையாறில் இன்சூரன்ஸ் ஆபீசில். தாரிகா பள்ளி வேனில் வந்து, தானே வீட்டைத் திறந்து, பால் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சைட்டில், கன்டெய்னர் ஆபீசுக்குள். எதிரே சுவரில் புதுக் கட்டடத்தின் வரைபடம். போன் வந்தது.

"அப்பா, மணி அடிக்குது. கீழ கத்தறாங்க. புகை வாசனை வருது."

என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை சார், குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நானும் பதறவில்லை. பதறினால் குழந்தைக்குத் தொற்றிக்கொள்ளும்.

"கர்சீப்பை நனைச்சுக்கோ. லிஃப்ட் கிட்டயே போகாதே. படி வழியா எங்க போகணும்?"

"எட்டாவது மாடி."

"போய் அங்க உக்காரு. ஆள் வரும்."

அவள் வைத்துவிட்டாள். நான் உடனே கிளம்பிவிட்டேன். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன், காவலாளிக்குச் சொன்னேன். எல்லாம் முறைப்படி செய்தேன். சுபாஷிணிக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் ஆபீஸ் முடிந்து பஸ் ஏறுகிற நேரம், எதற்குக் கலவரம் என்று விட்டுவிட்டேன்.

பதினோராவது மாடியில் நஸ்ரின் என்று ஒரு அம்மா. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் பின்னால் சொன்னார். தாரிகாவை ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் பார்த்திருக்கிறார்.

"வா கண்ணு, என் துப்பட்டாவைப் புடிச்சுக்கோ, கீழ போயிடலாம்" என்றாராம்.

"இல்ல ஆன்ட்டி, எங்கப்பா எட்டாவது மாடில உக்காரச் சொன்னாரு."

"அப்பா அங்க இருக்காரா?"

"ஆள் வரும்னாரு."

அந்த அம்மா கையில் குழந்தை. அப்பா ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாரிகா தீக்கதவைத் தள்ளித் திறந்து எட்டாவது மாடி நடைக்குப் போனாள். கதவு அவள் பின்னால் தானே மூடிக்கொண்டது.

மறுபடி போன்.

"அப்பா, கதவு பூட்டியிருக்கு."

"எந்தக் கதவு?"

"ஹால் கதவு."

"அங்க கதவே கிடையாதும்மா. சரியாப் பாரு."

"இருக்குப்பா. பூட்டியிருக்கு. தட்டினேன், யாரும் இல்ல."

"நீ வேற மாடில நிக்கிறே. எட்டாவது மாடில கதவு கிடையாது."

"எட்டுன்னு எழுதியிருக்குப்பா."

அதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நான் சாலையில் சிக்னலில் நிற்கிறேன். வரைபடம் என் கண்முன்னால் நிற்கிறது. மாடிப்படி, அதை ஒட்டி நடை, நடையின் முடிவில் புகலிடம். நடுவே ஒரு கோடுகூட இல்லை. அனுமதி வாங்கிய வரைபடம் அது. நான் எத்தனையோ பேருக்கு விரித்துக் காட்டிய வரைபடம்.

"சரி, எங்கேயும் போகாதே. அங்கேயே தரையோட தரையா உக்காரு. நான் வரேன்" என்றேன்.

சார், அந்த நேரத்தில் ஒரு குழந்தையைப் புகைக்குள் இப்படியும் அப்படியும் ஓடவிடுவது தப்பு. ஓரிடத்தில் இருந்தால்தான் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் சொன்னது விதிப்படி சரி.

நஸ்ரின் கீழே போனதும், எங்கே தாரிகாவின் அப்பா என்று தேடியிருக்கிறார். இல்லை என்றதும் தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு ஏறினார்கள். கண்ணாடிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். மூக்கில் ஈரக் கர்சீப். முழங்காலுக்குள் தலை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே. ஒருவர் அந்தக் கண்ணாடியைக் கோடரியால் அடித்துப் பார்த்திருக்கிறார். விரிசல் விடவில்லை. கதவுக்கும் நான் சொன்ன கண்ணாடியைத்தான் போட்டிருந்தார்கள். அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு படி வழியாகவே இறங்கிவிட்டார்கள். படிக்குள் புகையே இல்லை.

நான் போனபோது ஆம்புலன்சில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகமூடியைக் கழற்றி, "எட்டாவது மாடிதான்பா" என்றாள். நர்ஸ் மறுபடி மாட்டிவிட்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நுரையீரல் படம் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. கொஞ்ச நாள் இருமல். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் திண்டிவனம் போய்விட்டார்கள். முழுப்பரீட்சை முடிந்து லீவு விடுகிற சமயம்தானே, ஒரு மாறுதலாக இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

சுபாஷிணி சண்டை போடுகிறவள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கதவு இல்லைன்னு சொன்னீங்களா?"

"வரைபடத்துல கிடையாது."

"கதவு இல்லைன்னு சொன்னீங்களான்னு கேட்டேன்."

"அது பிற்பாடு சங்கத்துல போட்ட கதவு. அனுமதி இல்லாத கதவு."

அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி. அதற்கடுத்த சனிக்கிழமையும். விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று, ஆபீசிலிருந்து வரைபடத்தையே சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவள் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து, பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். அவள் அண்ணன் சந்திரமோகன் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுல உங்க வீடு எது மாப்ளே?"

"இது எட்டாவது மாடி. எங்க வீடு இதுல வராது."

"பாப்பா எங்க உக்காந்திருந்தா?"

நடையில் ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. சுபாஷிணி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

தாரிகா என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். புது இடம் பிடிக்குதா என்றால் பிடிக்குது என்பாள். விடுகதை போட்டால் மட்டும் "தெரியலப்பா" என்பாள். டவர் கிரேன் விடுகதைக்கே தெரியலப்பா என்றாள். வளர்கிற பிள்ளைகள், ஆர்வம் மாறும். புதிதாகச் சில விடுகதைகள் யோசித்து வைத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஹாலை இடிக்க வைத்தே தீருவது என்று இறங்கினேன். பத்மநாபன் சார் லேசில் மசியவில்லை.

"நவராத்திரிக்கு கொலு எங்க சார் வைக்கிறது? உங்க வீட்டு ஹால்லயா?"

"அது புகலிடம் சார்."

"இத்தன நாள் இல்லாத புகலிடம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? கண்ணாடிக்குக் கணக்குப் போட்டுக் குடுத்ததே நீங்கதான்."

"தாங்குமான்னு கேட்டீங்க."

"நல்ல ஆளு சார் நீங்க. பொண்ணுதான் நல்லா இருக்காள்ல? கடவுள் காப்பாத்திட்டாரு. விடுங்க."

நான் விடவில்லை. தீயணைப்புத் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். உடனே அகற்று என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கண்ணாடி இறங்கியது, ஏசி இறங்கியது, கதவு நிலையோடு பெயர்ந்தது. கதவுச் சட்டம் இருந்த இடத்தில் சுவரில் போல்ட் ஓட்டைகள். அதை நானே நின்று சிமென்ட் வைத்து அடைத்தேன். சுவரில் சிவப்பு எழுத்தில் புகலிடம் என்று பெரிதாக எழுதவைத்தேன். ஒயர்ச் சந்தை மாடிக்கு மாடி மறுபடி அடைத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. இப்போது போய்ப் பாருங்கள், சான்றிதழ் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் போய்ச் சொன்னேன். சுபாஷிணி புடவை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஒத்திகை வைக்கிறோம். மணி அடிச்சு, எல்லாரும் இறங்கி வர மாதிரி. அவ வந்து தன் கண்ணால பாக்கட்டும். பாத்தா பயம் போயிடும்" என்றேன்.

"அவளுக்குப் பயம்னு யார் சொன்னா?"

"அப்ப வர்றதுக்கு என்ன?"

அவள் மடித்த புடவையை அடுக்கிவிட்டுச் சொன்னாள். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். வரோம். அவ அங்க வந்து உக்காந்தான்னா, ஜூன்ல பழைய ஸ்கூல்லயே போகட்டும், நாங்க திரும்பி வந்துடறோம். இல்லைன்னா இங்கதான். அவகிட்டயும் இதைச் சொல்லிடறேன். அவளே முடிவு பண்ணட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நாள் கழித்து ஒரு தெளிவான நிபந்தனை. நிபந்தனை தெளிவாக இருந்தால் நிறைவேற்றிவிடலாம், எங்கள் தொழிலே அதுதான். தாரிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "அப்பாவும் எட்டாவது மாடில நிப்பாரா?" என்று. நிற்பார் என்று சொன்னாளாம் சுபாஷிணி. பாருங்கள், நான் நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. முந்தின நாளே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். தாரிகா தன் அலமாரியைத் திறந்து பார்த்தாள். மீன் தொட்டிக்குத் தீனி போட்டாள். நான் எதையும் மாற்றி வைக்கவில்லை.

மணி அடித்தது. எட்டாவது மாடியில் நான் முன்னாலேயே போய் நின்றுவிட்டேன். மேல் மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் மடக்கு நாற்காலியோடு வந்தார். "நிஜமா தீப்பிடிச்சாலும் இதத் தூக்கிட்டுதான் வருவீங்களா?" என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தார். பத்மநாபன் சார் கழுத்தில் விசில். "ஓடாதீங்க, நடங்க, நடங்க" என்று, நடந்து வருகிறவர்களைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார். நஸ்ரின் குழந்தையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். திறந்த பக்கத்திலிருந்து நல்ல காற்று. எல்லோரும் அங்கங்கே தரையில் உட்கார்ந்தார்கள். "டிபன் உண்டா சார்?" என்று ஒரு குரல்.

தீக்கதவு திறந்தது. தாரிகா கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் சுபாஷிணி. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றுவிட்டாள். தாரிகா நடையின் நடுவரை வந்தாள்.

"பாத்தியா தாரு? கதவே கிடையாது" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். நான் அடைத்த சிமென்ட் இன்னும் சுவரின் நிறத்துக்கு வரவில்லை, வெளுப்பாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீழே, முன்பு கதவு இருந்த இடத்துத் தரையையும் பார்த்தாள்.

"வாம்மா, வா. உனக்காகத்தான் உங்கப்பா எங்க ஹாலையே காலி பண்ணினாரு" என்றார் பத்மநாபன் சார். எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை, தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

"வந்து உக்காரும்மா. இதுதான் பத்திரமான இடம்" என்றேன்.

தாரிகா என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை சார், சாதாரணமாகத்தான் பார்த்தாள். கர்சீப்பை எடுத்து, மடித்து, பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் கீழ போறேன்பா" என்றாள்.

பதினான்காவது மாடியிலிருந்து வருகிறவர்கள் எட்டாவது மாடியில் நிற்கவேண்டும் என்பதுதான் அன்றைய ஒத்திகை. அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சுபாஷிணி பிடித்திருந்த கதவு வழியாகத் திரும்பிப் போய், படியில் இறங்கி, தரைக்குப் போய்விட்டாள்.